தெருக்குத்துத் தள்ளுபடி

"அச்சம் அவர்களுக்கு, ஆதாயம் நமக்கு!" என்றார் தோழர். மன்றத்தில் கூடியிருந்தோர் கைதட்டினர். நாமும் தட்டினோம், கை சிவக்கத் தட்டினோம் என்பதை மறைப்பானேன்?

தோழரின் கதை சுவையானது. நேரே ஓடிவரும் தெரு ஒன்று முட்டி நிற்கும் இடத்திலே ஒரு வீடு. தெருக்குத்து என்று பெயரிட்டு ஊரார் ஒதுக்கி வைத்த வீடு. ஓராண்டுக்கு மேலாக வாங்குவார் இன்றிக் கிடந்தது. தோழர் சென்றார். தளத்தைப் பார்த்தாரில்லை, சுவரைத் தட்டினாரில்லை. 'தெருக்குத்து' என்ற ஒரு சொல்லை மட்டும் ஓங்கி உரைத்தார். உரிமையாளர் முகம் வெளிறிற்று. விலையில் ஐந்து இலட்சம் உதிர்ந்தது. குடிபுகுந்து எட்டு ஆண்டுகள் ஆயின. இடியும் விழவில்லை, இழவும் விழவில்லை. பிள்ளைகள் இருவரும் பட்டம் பெற்றனர். "பகுத்தறிவு சோறு போடுமா என்று கேட்கிறார்களே, எனக்கு ஐந்து இலட்சம் போட்டது!" என்று அவர் கூறி முடித்தபோது எழுந்த சிரிப்பொலி அடங்க நெடுநேரம் ஆயிற்று.

அந்தச் சிரிப்பிலே கலந்துகொண்ட நாம், சென்ற ஆடித் திங்களிலே, அதே போன்றதொரு வீட்டின் தாழ்வாரத்தில் அமர்ந்து, அதே சொல்லைச் சொல்லலாமா, வேண்டாமா என்று நா வறண்டு தவித்தோம். அந்தத் தவிப்பின் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம். வீடு வாங்கிட முனைந்திடும் தோழர் எவருக்கேனும் பயன்படக்கூடும். பயன்படாவிடினும், அன்று தட்டிய கைதட்டலில் பாதியையாவது திரும்பப் பெற்றுக்கொண்டவராவோம்.

வேலூரிலே, மொட்டைமாடியில் எழுப்பிய ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம், நாமும் நம் துணைவரும். இருவருக்கும் ஆசிரியப் பணி. ஊதியம் இரண்டு, அறை ஒன்று, வெயிலோ அளவிறந்தது! வேலூர்ச் சித்திரையை மாடியறையில் கழித்தவர்க்கு நரகலோகக் கதை சொல்லி அச்சுறுத்த எந்தப் புராணிகராலும் இயலாது. நான்காண்டுச் சேமிப்பு இருந்தது. அன்னை அணிவித்து அனுப்பிய நகை இருந்தது; அதை அணிவதில் நமக்கு நாட்டம் இல்லை. எஞ்சியதற்கு வங்கி. இந்த வலிமையோடு வீடு தேடப் புறப்பட்டோம்.

முதலில் பார்த்த வீட்டிலே விலைபேச்சுக்கே இடம் இல்லாமற் போயிற்று. உரிமையாளர் இன்முகத்தோடு மோர் கொடுத்தார். 45 இலட்சம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எந்தப் பக்கம்?" என்றார். வடக்கா, தெற்கா என்ற ஐயம் அல்ல அது. "இருவரும் ஆசிரியர்கள்" என்றோம். "அது தெரியும். நம்மவர்களாக இருந்தால் இரண்டு, மூன்று குறைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன்" என்றார். நாமும் துணைவரும் வெவ்வேறு சாதியிலே பிறந்தவர்கள். புரோகிதர் இன்றித் தாலி இன்றி மணந்தவர்கள். ஆகவே, உலகில் எவருக்கும் 'நம்மவர்' ஆகும் தகுதியை இழந்தவர்கள்! உள்ளதைச் சொன்னோம். விலை குறையவில்லை, வீடே விற்பனைக்கு இல்லை என்றாகிவிட்டது. சாதிக்கு ஒரு தள்ளுபடி, சாதியை விட்டோர்க்கு ஒரு தண்டம்! 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டதே, அங்கு நூறு வீடுகளையும் பல சாதியாருக்கும் பங்கிட்டு அடுத்தடுத்து அமையுமாறு ஒதுக்கினார்களே, அந்த ஏற்பாட்டின் அருமையை, தரகரோடு ஒரு வாரம் அலைந்து திரிந்தவரே முழுதும் உணர்வர்.

இரண்டாவதாகக் கண்டதுதான் அந்தத் தெருக்குத்து வீடு.

1,200 சதுர அடி மனை, அதில் 750 சதுர அடிக் கட்டடம், 1994-இல் எழுப்பியது. எதிரே இருபதடித் தெரு ஒன்று நேராக வந்து முடிகிறது. கேட்கும் விலை 42 இலட்சம். வாயிலருகே சென்றதுமே வியப்பு. தெருவைப் பார்த்த சுவரிலே ஒரு பிள்ளையார் மாடம். அதன்மேல் கண் பிதுங்கிய பூசணிக்காய். அதற்கும் மேலே ஒரு கண்ணாடி. மூன்று காவலர் போதாரென்று, அழகான தேக்குக் கதவைச் சாத்தி, குறுக்கே பலகை அறைந்திருந்தார்கள். பக்கத்துச் சந்து வழியாக, புதிதாக உடைத்துவைத்த ஒரு சிறு வாயில். கிழக்கு வாயிலாம்!

"டீச்சர், 42 என்பதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று தரகர் காதோடு கூறினார். "போன மாதம் ஒருவர் தெருக்குத்தைச் சொல்லியே 29 வரைக்கும் இறக்கிவிட்டார். அவருக்குப் பணம் புரளவில்லை. நீங்களும் அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். நான் முடித்துத் தருகிறேன். வேறு எதையும் பேசிக் கெடுத்துவிடாதீர்கள்."

தரகர் சாத்திரம் கற்றவர். மனையடி சாத்திரத்தை விரல்நுனியில் வைத்திருந்தார். அறையின் அகலம் 17 அடி என்றால் அரசபோகமாம், 18 அடி என்றால் மனை பாழாம். பஞ்சாங்கத்தின் பின்பக்கத்திலே அச்சிட்டிருக்கிறதாம். உள்ளளவா, வெளியளவா என்று கேட்டோம். சுவரின் பூச்சு முக்கால் அங்குலம் தடித்தால் அரசர் ஆண்டியாகிவிடுவாரா என்றும் கேட்டோம். "படித்தவர்கள்..." என்று இழுத்தார். அந்த இழுப்பிலே அவருடைய விமரிசனம் முழுவதும் அடங்கியிருந்தது.

வீட்டுக்குரியவர் ஒரு மூதாட்டியார். கணவர் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். 2022-இல் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். மகன் ஓசூரில், மகள் ஆரணியில். அம்மையார் காப்பி கொடுத்தார். நாம் கேட்காமலே, கேட்கப்போகிறோம் என்று அஞ்சியோ, கேட்டுக் கேட்டுப் பழகியோ, தாமே தொடங்கினார்.

"தெருக்குத்துதான் கண்ணு. மறைக்க மாட்டேன். நாலு மனை காட்டினாங்க. அவரு வேற மனையைச் சொன்னாரு. நான்தான் இதைக் கேட்டேன். சாயங்காலம் இங்க வந்து நின்னா, தெரு முனையிலிருந்து காத்து நேரா வந்து முகத்துல அடிக்கும். அந்தக் காத்துக்கு ஆசைப்பட்டேன். குத்துன்னு சொன்னாரு, நான் கேக்கலை. அவரைக் கொண்டுபோயிடுச்சு."

சாவு வீட்டிலே யாரோ ஒருவர் சொன்னாராம், 'அன்றைக்கே அவர் பேச்சைக் கேட்டிருக்கலாம்' என்று. அதன்பின் வாஸ்து வல்லுநர் ஒருவர் அழைத்துவரப்பட்டார். 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, வாயிற்கதவை அடைக்கச் சொல்லிச் சென்றார். காற்று வந்த வழி அடைபட்டது. அம்மையார் மின்விசிறியின் கீழே வாழ்கிறார்.

1994 முதல் 2022 வரை! இருபத்தெட்டு ஆண்டுகள் ஒரு குடும்பத்தை வாழவைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரக்குழந்தைகள் தவழ இடம் கொடுத்து, அதன்பிறகு நிதானமாகக் குத்தியதாம் இந்தத் தெரு! மேடை என்றால் இதையே கேட்டு முழங்கியிருப்போம். அங்கே கேட்க வாய் வரவில்லை. அந்த அம்மையாரிடம் இருந்தது வெறும் மூடநம்பிக்கை என்றால் கேட்டிருக்கலாம். அது பழி. தம் கணவரைத் தாமே கொன்றதாக அவர் நம்பினார். வாங்க வந்தவர் ஒவ்வொருவரும் அந்தப் பழியை ஒருமுறை உறுதிசெய்து, அதற்கு ஒரு விலையும் போட்டுச் சென்றனர். முதலில் வந்தவர் இரண்டு இலட்சத்துக்குப் பழித்தார், அடுத்தவர் ஐந்துக்கு, கடைசியாக வந்தவர் பதின்மூன்றுக்கு! நாம் அந்த வரிசையிலே நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"யோசித்துச் சொல்கிறோம் அம்மா" என்று எழுந்து வந்துவிட்டோம்.

வங்கியிலே பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் கடவுள் மறுப்பாளர், கணக்கில் கெட்டிக்காரர். "விலை என்பது என்ன?" என்று பாடம் எடுத்தார். "செங்கல்லுக்குள் இருக்கும் குணமா அது? வாங்க வருவோர் கூட்டத்தின் மனநிலை. ஊர் அஞ்சுகிறது, ஆகவே விலை 29. நீங்கள் அஞ்சவில்லை என்பதற்காகக் கூடுதலாகக் கொடுத்தால், நாளை விற்கும்போது வாங்க வருபவர் அஞ்சுவாரே, அப்போது உங்கள் தலையில் அல்லவா விடியும்? பொய் சொல்லச் சொல்லவில்லை. சந்தை விலைக்குக் கேளுங்கள் என்கிறேன்."

வலிமையான வாதம். மூன்று இரவுகள் நம்மை உறங்கவிடாத வாதம். கணக்கும் போட்டுப் பார்த்தோம். நியாயம் என்று நமக்குத் தோன்றிய விலைக்கும் 29-க்கும் இடையே ஆறரை இலட்சம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம், 2023 ஏப்ரலில் குறைக்கப்பட்ட பிறகு, 2 விழுக்காடு. அதையும் சேர்த்தால் 7,08,500 ரூபாய். மாடியறையில் வெந்துகொண்டு, இலட்சியத்துக்காக ஏழு இலட்சத்தை இழப்பது எளிதென்று எவரேனும் சொன்னால், அவர் மாடியறையில் இருந்தவர் அல்லர்.

துணைவர்தாம் ஒரு கேள்வியால் முடிச்சை அவிழ்த்தார். "தளம் ஒழுகுகிறது என்று நாம் சொன்னால் அந்த அம்மா என்ன செய்யலாம்?" 'ஒழுகவில்லை, வந்து பார்' எனலாம். 'சென்ற ஆண்டுதான் பழுது பார்த்தேன், இதோ சீட்டு' எனலாம். 'ஒழுகுகிறதுதான், அதற்கு இவ்வளவு குறைத்துக்கொள்' எனலாம். "தெருக்குத்து என்று சொன்னால்?" ஒன்றும் சொல்ல இயலாது. தலையைக் குனிந்துகொள்ளலாம், அவ்வளவே. மறுமொழிக்கு இடமே இல்லாத வாதம் அது. சாத்திரத்தின் சக்தியே அதுதானே! வேதம் சொல்கிறது, விதி சொல்கிறது, தலையெழுத்து சொல்கிறது. நீ வாயை மூடு! அந்த வாய்ப்பூட்டை உடைக்கத்தானே மன்றம் அமைத்தோம், ஏடு நடத்துகிறோம்? அதே பூட்டை ஒரு கிழவியின் வாயிலே மாட்டி, சாவியை நம் இடுப்பிலே செருகிக்கொள்வதா?

இன்னொன்றும் உண்டு. தெருக்குத்துக்கு உண்மையாகவே அஞ்சுபவர் விலையைக் குறைத்துக் கேட்டால், அது அவருடைய அறியாமை; அவர் அங்கே குடியேறி அஞ்சி அஞ்சிச் சாகப்போகிறவர்; இழப்பீடு கேட்கிறார் எனலாம். அஞ்சாதவர் அதையே சொல்லிக் குறைத்தால்? நம்பாமலே மணியாட்டி நம்புவோரிடம் காசு பெறும் பூசாரியை எத்தனை மேடைகளில் எள்ளி நகையாடியிருக்கிறோம்! தட்டு வேறு, தத்துவம் ஒன்று.

விற்கும்போது தலையில் விடியும் என்ற நண்பரின் வாதத்துக்கு நம்மிடம் விடை இல்லை. விடியலாம். அதை ஒப்புக்கொண்டே முடிவெடுத்தோம்.

முடிவெடுத்தபின் வேலை மிகுந்தது. தெருக்குத்துச் சொல்லுக்கு ஒரு மூச்சு போதும். நியாயமாகக் குறைத்துக் கேட்பதற்கு இரண்டு வாரம் உழைக்கவேண்டியிருந்தது! நடுப்பகலில் ஒருமுறை, மழை பெய்த மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை சென்று பார்த்தோம். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்தபோது இந்தத் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று அக்கம்பக்கம் நான்கு வீடுகளில் கேட்டோம், வரவில்லை. வில்லங்கச் சான்று எடுத்தோம். பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் வழக்கறிஞரிடம் காட்டினோம். கொத்தனார் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துச் சென்று தளத்தில் ஏற்றினோம். தட்டோடுகள் பெயர்ந்து நீர் இறங்கியிருந்தது. சமையலறைச் சன்னலின் மேற்பலகையிலே கம்பி துருவேறிக் காரை உதிர்ந்திருந்தது. சுவரிலே நாம் கண்டு பதறிய விரிசலைக் கொத்தனார் நகத்தால் சுரண்டிப் பார்த்து, "பூச்சு வெடிப்பு டீச்சர், சுவருக்கு ஒன்றுமில்லை" என்றார். அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

தெருக்குத்தையும் ஆராய்ந்தோம்! நகைக்கவேண்டாம். தெரு நேரே வந்து முட்டும் வீட்டுக்கு மெய்யான தொல்லைகள் சில உண்டு. இரவிலே வண்டிவிளக்கின் ஒளி சன்னலில் பாயும். தடை பிடிக்காத வண்டி நேரே வந்து மோதலாம். புழுதி வரும். சரிவான தெருவானால் மழைநீரும் வரும். முன்னோர் எவரோ இதைக் கண்டு சொல்லியிருக்கலாம். பின்னோர் அதற்குப் பூசணிக்காயைக் கட்டிவிட்டனர். இரவு ஏழு முதல் பத்து மணிவரை எதிர்ச்சுவர் ஓரமாக அமர்ந்து எண்ணினோம். இருசக்கர வண்டிகள் பதினெட்டு, ஆட்டோ மூன்று, லாரி ஒன்றுகூட இல்லை. முன்புறம் இரண்டு கல்தூண், சன்னலுக்குக் கனத்த திரை, 25,000 ரூபாய்.

அதே தெருவில், முட்டாத வீடு ஒன்று, ஏறத்தாழ அதே அளவுடையது, முந்திய ஆண்டு 38 இலட்சத்துக்குக் கைமாறியிருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டோம். தளம் 1,10,000. மின்கம்பிகள் முப்பதாண்டுப் பழமை, மாற்றிட 85,000. குளியலறை 60,000. சன்னல் மேற்பலகை 45,000. ஆழ்துளைக் கிணற்றை ஆழப்படுத்திட 75,000. தூணும் திரையும் 25,000. ஆக 4,00,000. நாம் கேட்கும் விலை 34 இலட்சம். ஒரு தாளில் தெளிவாக எழுதி, தரகரை வெளியே இருக்கச் சொல்லி, அம்மையார் கையிலே கொடுத்தோம்.

மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். "நாப்பத்திரண்டு கேட்டா முப்பத்திநாலுங்கிறியே" என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் குரலிலே புதியதொரு தெம்பு இருந்தது. சண்டையிட ஏதோ கிடைத்துவிட்டது போன்றதொரு தெம்பு.

"போருக்கு எதுக்குப் பணம் பிடிக்கிற? 2019-லதானே இன்னும் ஆழம் போட்டோம்!" என்று எழுந்து சென்று, அரிசிப் பானைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்து, அதனுள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். உண்மைதான். மோட்டாரைப் போட்டுக் காட்டினார், நீர் கொட்டிற்று. 75,000-ஐ அடித்தோம். நம் விலை 34,75,000 ஆயிற்று. "குளிக்கிற ரூமு எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அதிலே நாம் விட்டுக்கொடுக்கவில்லை. குழாய் கசிந்து சுவர் ஓதமேறியிருந்ததைக் காட்டினோம். "அது சரி" என்றார்.

கடைசி வரியிலே விரல் நின்றது. "தூணு, திரை... இது தெருக்குத்துக்குத்தானே?"

"இல்லையம்மா. வண்டி வெளிச்சத்துக்கு. திரை போட்டால் போய்விடும்."

நெடுநேரம் நம்மைப் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

மகன் ஓசூரிலிருந்து வந்தார். 38-க்குக் குறையாது என்றார். பேசிப் பார்த்ததில் அவரிடமும் நியாயம் இருந்தது. 38-க்கு விற்ற வீடு சென்ற ஆண்டுக் கணக்கு; அதற்குத் தேக்கு நிலையும் கதவும் கிடையாது. ஒப்புக்கொண்டு 75,000 கூட்டினோம். 35,50,000. அதற்குமேல் இயலாது என்று சேமிப்பு ஏட்டையே காட்டினோம். பிறகு அவர் இரண்டு சலுகை சொன்னார். ஒன்று, அரசின் வழிகாட்டி மதிப்புப்படி 24 இலட்சம் என்று பத்திரத்தில் காட்டிவிட்டு, மிச்சத்தை ரொக்கமாகத் தருவது; நமக்குப் பத்திரச் செலவில் 1,03,500 ரூபாய் மிச்சமாகும், அதில் பாதியை விலையில் கூட்டவேண்டும். அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயும் அதற்குமேலும் ரொக்கமாகப் பெறுவதை 2015-லேயே வருமான வரிச் சட்டம் தடுத்துவிட்டது என்றோம். "எல்லோரும் செய்வதுதானே?" என்றார். அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லிச் சொல்லியே நம் இயக்கத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

மற்றது, "தங்கை கையெழுத்து தேவைப்படாது, அவளுக்குச் செய்யவேண்டியதெல்லாம் கல்யாணத்தில் செய்தாயிற்று. விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துவிடுவாள்" என்றது. அம்மையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே தீர்மானம் போட்டது 1929-இல். தந்தை தாமே ஈட்டி, உயில் எழுதாது விட்டுச்சென்ற சொத்திலே மகளுக்கும் சம பங்கு உண்டென்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது 1956-இல். கூட்டுக்குடும்பச் சொத்திலும் உண்டென்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989-இல். இவ்வளவும் நடந்தபின், ஆரணியிலிருந்து ஒரு பெண் வேலூருக்கு வந்து கையெழுத்திட்டுத் தன் பங்கைப் பெற்றுச் செல்வதற்கு ஓர் அயலார் வற்புறுத்த வேண்டியிருக்கிறது! "மூவரும் கையெழுத்திட வேண்டும், மூவருக்கும் தனித்தனிக் காசோலை. அதற்கு இசைந்தால் வாங்குகிறோம்" என்றோம். நம் வழக்கறிஞரும் அதையே சொன்னார். ஒரு பங்கு பதினொரு இலட்சத்து எண்பத்து மூன்றாயிரம். 29-க்கு முடிந்திருந்தால், ஒவ்வொருவர் பங்கிலும் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைந்திருக்கும். தெருக்குத்துத் தள்ளுபடி யார் மடியிலிருந்து வந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்திட இந்தக் கணக்கு நமக்கு உதவிற்று.

மகன் இரண்டு நாள் பேசாதிருந்தார். மூன்றாம் நாள் அம்மையாரே தொலைபேசியில் அழைத்தார். "முடிச்சிக்கலாம் கண்ணு."

ஆவணி பிறக்கட்டும் என்றார் தரகர். ஆடியிலேயே பதிவு செய்தோம். மங்கல நாள்களில் கூட்டம் நெரியுமென்று பத்திரப்பதிவுத்துறை கூடுதல் டோக்கன்கள் வழங்குவது வழக்கம்; நமக்கோ, விரும்பிய நாளிலே, விரும்பிய நேரத்திலே, ஒரு தொல்லையுமின்றிக் கிடைத்தது. இது மட்டும் மூடநம்பிக்கையால் நாம் பெற்ற ஆதாயம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். காலியான நாற்காலியில் உட்காருவதற்கு எவரிடமும் எதையும் பறிக்கவேண்டியதில்லையே! வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. இராகுகாலம் என்று மகன் முணுமுணுத்தார். "வா, வா, ஆபீசைச் சாத்திடப் போறான்" என்று அம்மையார் முன்னே நடந்தார். மகள் வந்திருந்தார். காசோலையை வாங்கிப் பையில் வைத்தார், மறுபடி எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார்.

அம்மையார் மாறிவிட்டார் என்று நாம் எழுதப்போவதில்லை. விடைபெறும்போது, "சின்னப் பசங்க நீங்க. எதுக்கும் அந்தப் பிள்ளையாரை எடுத்துடாதீங்க" என்றுதான் சொல்லிச் சென்றார். தரகர் நம்மிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். தரகுப் பணத்தை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். மன்றத்துத் தோழரிடம் நடந்ததைக் கூறினோம். "ஏழு இலட்சத்தை ஆற்றில் விட்டீர்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்திலே நம்மைப் பேச அழைத்திருக்கிறார். மறுப்புரை தாமே ஆற்றுவாராம்.

பலகையைப் பெயர்த்து வாயிற்கதவைத் திறந்திட மூன்று நாள் ஆயிற்று. தேக்கு ஊதி, கீல் துருவேறி, தாழ்ப்பாள் உடைந்திருந்தது. தச்சருக்கு 11,400 ரூபாய். நம் பட்டியலிலே எழுத மறந்த செலவு அது.

சென்ற வாரம் மாலை அம்மையார் ஆரணியிலிருந்து, மகள் வீட்டிலிருந்து பேசினார். மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும் என்று சொன்னார். குப்பை வண்டி வரும் நேரத்தைச் சொன்னார். பிறகு சற்று நிறுத்தி, "காத்து வருதா?" என்றார்.

வருகிறது என்றோம். மேசைமேல் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்கள் பறந்து அறை முழுதும் கிடந்தன, துணைவர் பொறுக்கிக்கொண்டிருந்தார்.